‘வெஸ்ட்டு ஏறுது’ என்று அவள் சொன்னபோது

ஹார்னஸின் சிவப்புக் கைப்பிடியை இரண்டு விரல் அளவு குறைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். படமும் வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. எடை குறையும், தண்ணீரில் இழுவை குறையும், பந்தயக்காரர்கள் கொண்டாடுவார்கள் என்று காரணங்களையும் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள்.

குறைக்கக் கூடாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால், ‘ரிட்டயர்டு ஆன அம்மா எதுக்கெடுத்தாலும் பயப்படுறாக’ என்று டீ குடிக்கும்போது சிரித்துவிட்டு மோல்டு அடிக்கக் கொடுத்துவிடுவீர்கள். எனக்குத் தெரியும். இதே கேள்வி ஒருமுறை என் மேசைக்கு வந்தபோது, ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். அதனால் என்ன ஆனது என்று முழுதாக எழுதுகிறேன். போனை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

நீங்கள் இப்போது ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் சோதனைப் பிரிவு அப்போது ஒரு பிரிவே கிடையாது. பெரியகுளம் ரோட்டுப் பழைய கட்டடத்தின் பின்பக்கம் ஓர் இரும்பு உத்தரம், பாரம் தூக்க அதில் தொங்கும் செயின் பிளாக், இழுவிசை பார்க்க ஒரு தராசு, ஒரு மேசை, நான். அவ்வளவுதான். கம்பெனி முதலில் பள்ளிக்கூடப் பை தைத்தது. பிறகு மலையேறுகிறவர்களுக்கு இடுப்புப் பட்டை தைத்தது. அதைப் பார்த்து யாரோ கைட் போர்டிங் பந்தயக்காரர்களுக்கு ஹார்னஸ் தைக்க முடியுமா என்று கேட்க, முதலாளி உடனே முடியும் என்று சொல்லிவிட்டார். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த என்னை, தையல் பிரிந்தால் முதலில் கண்டுபிடிப்பவள் என்பதால், சோதனைக்கு மாற்றினார்கள். உத்தமபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். கடல் விளையாட்டுக்குச் சாமான் செய்கிற எங்களில் பாதிப் பேர் கடலில் கால் நனைத்ததில்லை. நானும் அந்தப் பாதியில் ஒருத்தி.

விளையாட்டு என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது சேர்கிறவர்களிலும் சிலருக்குத் தெரியவில்லை என்று கேள்விப்பட்டேன், எரிச்சலாக இருந்தது. ஒரு பலகைமேல் ஆள் நிற்பார். மேலே ஓர் அறை அகலத்துக்குப் பெரிய பட்டம். அந்தப் பட்டத்தின் இழுப்பு முழுவதும் இடுப்பில் கட்டிய ஹார்னஸின் முன்பக்கக் கொக்கியில் வந்து சேரும். பலகைக்கு அடியில் கத்தி போன்ற ஒரு தண்டும் இறக்கையும் இருப்பதால் வேகமெடுத்ததும் பலகை தண்ணீரைவிட்டு எழும்பிவிடும். பைக்கில் போகும் வேகம். விழுந்தால் பட்டம் விடாது, ஆளை இழுத்துக்கொண்டே போகும். அப்போது கொக்கியைத் திறந்துவிடத்தான் அந்தச் சிவப்புக் கைப்பிடி. அன்றைய மாடலில் அதை இழுத்தால் கொக்கி திறக்கும், பட்டம் சுருண்டு விழும். மற்றதெல்லாம் வேகத்துக்காக. உயிருக்காக இருப்பது அது ஒன்றுதான்.

எங்கள் முதல் மாடலில் கைப்பிடி பெரியது. பந்தயம் தொடங்கும்போது எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்புவார்கள் இல்லையா, அந்த நெரிசலில் பக்கத்து ஆளின் கயிறு உரசினாலே திறந்துகொண்டது. தோற்றுப்போன கோபத்தில் பந்தயக்காரர்கள் கைப்பிடிமேல் கறுப்பு டேப் சுற்ற ஆரம்பித்தார்கள். பழுதுக்கு வந்த ஹார்னஸ்களில் டேப்பைப் பார்த்து நான் கத்தினேன். “உசுரக் காப்பாத்துற சாமான ஒட்டி வச்சிருக்கானுக பாரு!” என்று தையல் ஹாலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஏன் ஒட்டினார்கள் என்று ஒருவரிடமாவது போன் செய்து கேட்டேனா? இல்லை. திட்டுவது எனக்குச் சுலபமாக வரும்.

கேட்டவன் பிரபாகர். தேவாரம் ஊர்ப் பையன், இன்ஜினியரிங் முடித்து எங்களிடம் வடிவமைப்பாளராகச் சேர்ந்தவன். கெட்டிக்காரன். தானாகத் திறக்காத கைப்பிடி ஒன்றை வரைந்தான். மெலிசாக, வயிற்றோடு ஒட்டி, வெளியே துருத்தாமல். எதுவும் அதில் சிக்காது, உரசாது. டேப்புக்கு வேலையே இல்லை. எடையும் குறைந்தது. முதலாளிக்கு அன்று முகமெல்லாம் பல். அந்தக் கைப்பிடியைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

போட்டுப் பார்க்க ஒரு பந்தயக்காரி வந்தாள். பெயர் ரோஸ்லின், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம், இருபத்திரண்டு வயது. மாநில அணிக்கு அவளைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. விடிகாலை பஸ் பிடித்து மதுரை வழியாக வந்து இறங்கியவள், வந்ததும் கேன்டீனில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, “எங்க தொங்கணும் யக்கா?” என்று கேட்டாள். அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பந்தயத்தில் மிதவை வெஸ்ட் கட்டாயம். அதைப் போட்டு, மேலே எங்கள் ஹார்னஸைக் கட்டி, கொக்கியைச் செயின் பிளாக்கில் மாட்டித் தூக்கினோம். கால் தரையைவிட்டு எழும்பியதும் ஹார்னஸ் இறுகியது. தடிமனான அந்த வெஸ்ட் மடிந்து, மேலேறி, உப்பி, கொக்கியின்மேல் வந்து உட்கார்ந்தது. கைப்பிடி மறைந்துவிட்டது.

“யக்கா, வெஸ்ட்டு ஏறுது. கைப்பிடி இருக்க எடமே தெரியல,” என்றாள் ரோஸ்லின், அந்தரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டே.

நான் பக்கத்தில் நின்றேன். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வெஸ்ட்டு நம்ம தயாரிப்பு இல்ல ஆத்தா. இரு, நான் பிடிச்சுக்கிறேன். இப்ப இழு.”

வெஸ்ட்டின் ஓரத்தை இரண்டு விரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள். கொக்கி பட்டென்று திறந்தது. பிரபாகர் போட்டோ எடுத்தான். இழுவிசை சொன்ன அளவுக்குள் இருந்தது. ஐந்து தடவை செய்தோம், ஐந்து தடவையும் நான் பிடித்துக்கொண்டேன். படிவத்தில் ‘கைப்பிடி தெளிவாகத் தெரிகிறது’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் யோசித்துவிட்டேன். அவசரம் இல்லை, யாரும் மிரட்டவில்லை. சோதனை நல்லபடியாக முடிய வேண்டும் என்று கைக்கு ஓர் ஆசை, அவ்வளவுதான். சாமானைச் சோதிக்க வந்தவள் சாமானுக்கு உதவி செய்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு போட்டிக்கு முந்தைய வாரப் பயிற்சியில், ரோஸ்லின் பலகையிலிருந்து விழுந்தாள். காற்று திடீரென்று ஏறியிருந்தது. பட்டம் ஒரு சுற்றுச் சுற்றிக் கரைப்பக்கமாக அவளை இழுத்தது. கரையில் அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு. முகம் தண்ணீருக்குள் இருக்க, அவள் கை வயிற்றைத் துழாவிக்கொண்டே போயிருக்கிறது. கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கல்மேல் ஓடிவந்து கயிறுகளை அறுத்தார். அதற்குள் அவள் கல்லில் இரண்டு முறை மோதிவிட்டாள். இடது தோள்பட்டையும் காறை எலும்பும் உடைந்தன. நுரையீரலில் தண்ணீர் போயிருந்தது.

போட்டி அமைப்பாளர்களின் அறிக்கை எங்களுக்கு ஒரு பிரதி வந்தது. அதில் ஒரு வரி: ‘வீராங்கனை அவசரக் கைப்பிடியை இயக்கத் தவறினார்.’ அடிப்படைப் பயிற்சியை மறுபடி முடித்த பிறகே அவளைப் போட்டியில் சேர்ப்பது பற்றி யோசிக்கப்படும் என்று முடித்திருந்தார்கள். மாநில அணிப் பேச்சு அங்கேயே நின்றது.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். போடி பஜாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம். குரல் உயர்த்தாமல் பேசுவார். அதுதான் பயம்.

“மும்தாஜம்மா, நம்ம ரிப்போர்ட் பாஸ்தான?”

“பாஸ்தான் சார்.”

“அப்பறம் என்ன. அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது கஷ்டந்தான். பழம் வாங்கிட்டு யாராச்சும் போய்ப் பாத்துட்டு வாங்க. வெள்ளிக்கிழம நாப்பது ஹார்னஸ் கெளம்பணும், அதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டிரணும்.”

எங்கள் ரிப்போர்ட் மேசையில் திறந்து கிடந்தது. அதில் அந்தப் போட்டோ. ரோஸ்லின் தொங்குகிறாள், கைப்பிடி சிவப்பாகப் பளிச்சென்று தெரிகிறது. போட்டோவின் வலது ஓரத்தில், வெஸ்ட்டின் விளிம்பைப் பிடித்தபடி, இரண்டு விரல்கள். ஒரு விரலில் என் மோதிரம்.

அந்த ரிப்போர்ட்டை முதலாளி பார்த்திருக்கிறார், பிரபாகர் பார்த்திருக்கிறான், வாங்குகிறவர்களின் ஆள் பார்த்திருக்கிறார், நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

“சார், இந்த வெரலு என்னோடது,” என்றேன். “நான் பிடிக்கலேன்னா கைப்பிடி தெரிஞ்சிருக்காது.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நீளமாக மூச்சுவிட்டார். “வெஸ்ட்டு நம்ம தயாரிப்பா?”

என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேவலமான வார்த்தை என்று தெரிந்தது.

பிரபாகருக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. தன் வேலைமேல் உயிரையே வைத்திருந்தான், அதனால் காது அடைத்துக்கொண்டது. “அக்கா, கைப்பிடி நல்லாத்தான் வேல செய்யுது. இழுக்குற போர்ஸ் எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. வெஸ்ட்ட ஒதுக்கிட்டு இழுத்திருந்தாப் போதும். அவுக பதட்டத்துல...”

“பதட்டப்படாதவளுக்கு எதுக்குடா கைப்பிடி?” என்று கத்திவிட்டேன். “சாவகாசமா இருந்தா அவ பட்டத்த எறக்கிட்டு நடந்தே கரைக்கு வந்திருவாளே! பதறுறவளுக்குத்தான அத வச்சிருக்கோம்? பதறுறவ கையில குடுத்து எப்பவாச்சும் பாத்தோமா?”

“பாப்போம்க்கா. எங்கன வேணாலும் பாப்போம். நானே போட்டுக்கிறேன்.” ரோஷத்தில் சொன்னான்.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. உத்தரத்தில் தொங்கவிட்டால் பதற மாட்டான் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் வேண்டும், இழுக்க ஒன்று வேண்டும். ஜெயமங்கலத்தில் என் வீட்டுக்காரருக்குப் பழக்கமான ஒரு தென்னந்தோப்பு, அதில் நிறையத் தண்ணீரோடு ஓர் அகலமான கிணறு. பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டுகிற கிரேன் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் காசி. கிணற்றடியில் மண் வாரும் ஆட்களை இருபது வருடமாகத் தூக்கி இறக்கியவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“மண்ணத் தூக்குவேன், கல்லத் தூக்குவேன். தண்ணிக்குள்ள இன்ஜினியரக் கட்டி இழுக்கச் சொல்றீகளே?” என்றார். பிறகு ஹார்னஸைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இத எங்கன பிடிச்சு இழுக்கணும்?” என்று கேட்டார். வெஸ்ட் இல்லாமலே அவருக்குக் கைப்பிடி கண்ணில் படவில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் யாரும் கிணற்றுக்குப் போகக் கூடாது. இன்று நமக்குத் தொட்டி இருக்கிறது, விதிமுறை இருக்கிறது. அன்று என்னிடம் இருந்ததைக் கொண்டு முடிந்த ஏற்பாட்டைச் செய்தேன். நீச்சல் தெரிந்த காசியின் ஆட்கள் இரண்டு பேர் தண்ணீருக்குள். ஒருவர் கையில் கயிறு அறுக்கும் கத்தி. ஆளைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கக் கூடாது, பக்கவாட்டில் இழுத்தால் போதும். நான் கை தூக்கி நின்றால் இழுக்கலாம். கையை இறக்கினால் அந்த நொடியே கயிற்றைத் தளர்த்த வேண்டும். பத்து எண்ணுவேன், அதற்குமேல் இல்லை. இதைக் காசியிடம் மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

முதல் தடவை பிரபாகர் குனிந்து பார்த்து, வெஸ்ட்டை ஒதுக்கி, இழுத்தான். திறந்தது. “பாத்தீகளாக்கா?” என்று தண்ணீரிலிருந்து சிரித்தான்.

“பாத்தேன். இப்ப மூஞ்சிய தண்ணிக்குள்ள வச்சுக்க. காசியண்ணன் எப்ப இழுப்பாகன்னு சொல்ல மாட்டாக.”

காசி நன்றாக ஒரு நிமிடம் சும்மா இருந்தார். பீடி பற்ற வைக்கப் போகிறவர்போல் சட்டைப்பையைத் தடவினார். பிறகு இழுத்தார். பிரபாகர் மல்லாந்து, பக்கவாட்டில் போய், தலை முழுகி, கிணற்றுச் சுவரை நோக்கிப் போனான். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. அவன் கை வயிற்றுப் பக்கம் போயிற்று. மூன்று. வெஸ்ட்டைப் பிடித்து இழுத்தது, கைப்பிடி என்று நினைத்து. நான்கு. மறுபடி வெஸ்ட். ஐந்து.

பத்து என்று நானே சொல்லியிருந்தேன். ஐந்தில் நிறுத்தினால், ‘இன்னும் ரெண்டு செகண்டு குடுத்திருந்தா எடுத்திருப்பேன்’ என்பான்; வெள்ளிக்கிழமை நாற்பது ஹார்னஸும் லாரி ஏறும். அது என் தலைக்குள் ஓடியது, மறைக்கவில்லை. ஆறாவதில் அவன் கை வயிற்றைவிட்டு விலகியது. இரண்டு கைகளும் மேலே வந்து, தன்னை இழுக்கும் கயிற்றையே இறுக்கப் பிடித்துக்கொண்டன. தேடுகிறவனின் கை அசையும். அந்தக் கைகள் அசையவில்லை.

நான் கையை இறக்கினேன். கயிறு தளர்ந்தது. இரண்டு ஆட்களும் அவனைத் தூக்கிப் படியில் உட்கார வைத்தார்கள். இருமினான், வாந்தி எடுத்தான். காசி மேலேயிருந்து, “ஏலே தம்பி, நல்லாருக்கியா?” என்று மூன்று முறை கேட்டார்.

எண்ணிக்கை என்பது நாம் முன்கூட்டி எழுதி வைப்பது. எதிரே இருக்கும் ஆளைப் பார்ப்பதை அது நிறுத்திவிடக் கூடாது. என் வேலைக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் சந்தேகமே வராத முடிவு அன்று ஆறில் நிறுத்தியதுதான். மற்றவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

கால்மணி நேரம் கழித்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு பிரபாகர் பேசினான். “கைப்பிடி கெடைக்கலங்கறதுகூட இல்லக்கா. அத மறந்தே போயிட்டேன். நானே வரைஞ்சது, அது எங்கன இருக்குன்னு எனக்கே மறந்துபோச்சு. என்னய இழுக்குறது எதுவோ அதத்தான் பிடிக்கணும்னு தோணுச்சு.”

இதை எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கை எங்கே போக வேண்டும் என்று நாம் வரைகிறோம். பயந்த கை அதுபாட்டுக்கு வேறு இடத்துக்குப் போகிறது. நகர வேண்டியது கைப்பிடிதான்.

வெள்ளிக்கிழமை நாற்பது ஹார்னஸும் போகவில்லை. நான் கையெழுத்துப் போட மறுத்தேன், பிரபாகரும் மறுத்தான். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் சேந்து கம்பெனிய இழுத்து மூடிட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வாங்குகிறவர்களுக்கு அவர் அனுப்பிய கடிதத்தில், ‘கூடுதல் வசதிக்காகக் கைப்பிடி மேம்படுத்தப்படுவதால் சிறு தாமதம்’ என்று இருந்தது. வசதிக்காகவாம். இன்றுவரை அந்த வார்த்தையை எங்காவது படித்தால் எனக்குப் பல் கூசும்.

அந்த ஞாயிறு நான் ரோஸ்லின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நாற்காலி போட்டு, தோளைத் தூக்கிக் கட்டியபடி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். பழத்தைக் கொடுத்துவிட்டு, போட்டோவை எடுத்துக் காட்டினேன். விரல்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “வெஸ்ட்டு ஏறுதுன்னு நா சொன்னேனா யக்கா?”

“சொன்னம்மா.”

“எனக்கு மறந்தே போச்சு. மூணு வாரமா நா என்னயத்தான் ஏசிக்கிட்டுக் கெடக்கேன். கையி கூறுகெட்ட கையின்னு...” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்க எங்கிட்ட வந்து அழுதா நா என்னத்தச் செய்ய? என் தப்புன்னு பேப்பர்ல எழுதுனவங்க இருக்காங்கல்லா? அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க.”

சரிதானே? மன்னிப்புக் கேட்க ஆறு மணி நேரம் பஸ்ஸில் போனவளுக்கு, அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. கேட்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, கேட்கச் சுலபமான இடத்துக்குப் போயிருக்கிறேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். அமைப்பாளர்களுக்கு நான் கடிதம் எழுதப் போகிறேன், போட்டோவும் கிணற்றில் நடந்ததும் அதில் இருக்கும் என்றேன். அவர் குரல் அன்றும் உயரவில்லை. “எழுதுனா, அதோட வீட்டுலயே இருந்துக்கங்கம்மா.”

எழுதினேன். கம்பெனித் தாளில் இல்லை, என் பெயரில், என் விலாசத்தில். ‘வீராங்கனை தவறவில்லை. தவறான சோதனையில் கையெழுத்திட்டவள் நான்’ என்று தொடங்கினேன். அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தேன். பதினோரு வாரம். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை எனக்குத் தெரியும்படியாகச் செய்தார். அண்டை வீட்டார் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். நான் தைரியமாக இருந்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். தினமும் காலையில் பஸ் போகும் சத்தம் கேட்கும்போது, ஒரு வரியைக் கொஞ்சம் மென்மையாக எழுதியிருக்கலாமோ என்று யோசித்தபடிதான் இருந்தேன்.

அமைப்பாளர்கள் அறிக்கையைத் திருத்தினார்கள். அந்த ஒரு வரியை நீக்கி, ‘அவசரக் கைப்பிடி மறைக்கப்பட்டிருந்தது’ என்று மாற்றினார்கள். அந்த மாடலைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது என்றும் சேர்த்தார்கள். பிறகுதான் முதலாளி கூப்பிட்டனுப்பினார். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். புதுக் கைப்பிடிக்குச் சோதனைக் கையெழுத்து வேண்டும். அக்கா பார்க்காமல் போட மாட்டேன் என்று பிரபாகர் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டான். நான் உள்ளே போனதும் முதலாளி, “வாங்க, டீ சாப்புடுறீகளா?” என்றார். அந்தப் பதினோரு வாரத்தைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

புதுக் கைப்பிடியைப் பிரபாகர் வயிற்றிலிருந்து தூக்கிக் கயிற்றின்மேலேயே வைத்திருந்தான். பயந்த கை போய்ப் பிடிக்கிற அதே இடத்தில். பிடித்து முன்னால் தள்ளினால் திறக்கும். பக்கத்து ஆளின் கயிறு உரசினால் திறக்காது, ஏனென்றால் உரசல் எதுவும் அந்தத் திசையில் தள்ளாது. கொழுத்த, உருண்டையான, சிவப்பு நிற ரப்பர். விற்பனை ஆள் பார்த்துவிட்டு, “என்னக்கா இது, பீட்ரூட்டக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு,” என்றார். அந்தப் பீட்ரூட்டைத்தான் நீங்கள் இரண்டு விரல் குறைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

ஆறு மாதம் கழித்து அதைக் கடலில் சோதிக்க நானும் பிரபாகரும் போனோம். ரோஸ்லின் வந்தாள். இடது கை காதுக்குமேல் போகவில்லை. இனி பழைய வேகம் வராது, அணிக்குள் நுழைவது கஷ்டம் என்று அவளே சொன்னாள், வானிலை சொல்வதைப்போல. என்னிடம் சிரிக்கவில்லை. புதுக் கைப்பிடியை வெஸ்ட்டோடு, கையுறையோடு, கண்ணைக் கட்டிக்கொண்டு, தலைகீழாக விழுந்து, இருபது முறைக்குமேல் தள்ளிப் பார்த்தாள். எல்லா முறையும் பட்டம் சுருண்டு விழுந்தது. நான் குறித்துக்கொண்டே வந்தேன். முடிந்தது என்று படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

“யக்கா, இத நீங்க போட்டுப் பாத்திருக்கியளா?” என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் எத்தனை ஹார்னஸ் என் கை வழியாகப் போயிருக்கும். ஒன்றைக்கூட நான் இடுப்பில் கட்டியதில்லை.

“இல்ல.”

“வாங்க.”

பிரபாகர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். சுடிதாரின்மேல் வெஸ்ட்டைப் போட்டு, முக்காட்டை இறுக முடிந்துகொண்டு, ஹார்னஸைக் கட்டினேன். ரோஸ்லின் பழகுபவர்களுக்கான சின்னப் பட்டம் ஒன்றை மாட்டினாள். இடுப்பளவு தண்ணீரில் என்னை நிற்க வைத்து, என் முதுகுப் பட்டையைத் தன் நல்ல கையால் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் நான் நினைத்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. பட்டம் மேலே அமைதியாகத்தான் நின்றது. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

அவள் மற்றக் கையால் கயிற்றை இழுத்துப் பட்டத்தைச் சாய்த்தாள்.

என் கால் இரண்டும் மண்ணைவிட்டுப் போய்விட்டன. யாரோ இடுப்பைப் பிடித்துப் பிடுங்கியதுபோல் இருந்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். எதைச் சோதிக்க வந்தேன், எது எங்கே இருக்கிறது, ஒன்றும் நினைவில் இல்லை. நான் அலறியதாகப் பிரபாகர் பிறகு சொன்னான். எனக்கு அதுவும் தெரியாது. கை தானாக மேலே போய், என்னை இழுக்கிற அந்தக் கயிற்றைப் பிடித்தது. பிடித்த இடத்தில் கொழுகொழுவென்று ரப்பர். தள்ளினேனா, அது தானாகப் போனதா, இழுப்பு நின்றது. பட்டம் சுருண்டு அலைமேல் விழுந்து கிடந்தது.

ரோஸ்லின் என்னை மணலில் உட்கார வைத்தாள். நான் இருமி முடிக்கும்வரை முதுகில் தட்டினாள். பிறகு பிரபாகர் கையிலிருந்த படிவத்தையும் பேனாவையும் வாங்கி, ஈரமான என் மடியில் வைத்தாள்.

“ம். இப்பப் போடுங்க கையெழுத்த.”